நவாபுக்கு ஓர் ஏரி

ஓசூர் கடைத்தெருவில் காஜா மொய்தீனின் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தங்களைத்தான் பார்ப்பார்கள். வாசலிலேயே ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கும். உள்ளே வட்டக் கண்ணாடி, சவரக் கடைக் கண்ணாடி, ரோஜாப்பூ போட்டு ‘நல்வரவு’ என்று எழுதிய கல்யாணக் கண்ணாடி என்று சுவர் முழுக்கக் கண்ணாடிதான். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதும் அங்கேதான். கடைத்தெருவில் வேலை வெட்டி இல்லாதவர்கள் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து, தலையை வாரிவிட்டுப் போவார்கள்.

ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் யாரும் தலை வார வரவில்லை. எல்லாரும் மீன் பார்க்க வந்தார்கள்.

மீன் வந்த கதை இதுதான். பெங்களூர் ரோட்டில் காபி ஹோட்டல் நடத்திய வெங்கடப்பன், பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தான் புதிதாகக் கட்டியிருந்த ஹாலைத் திறக்கும்போது அங்கே ஒரு மீன் தொட்டி இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வெங்கடப்பன் தெலுங்கில் கோபப்படுவார், கன்னடத்தில் பேரம் பேசுவார், இலை போட்டுச் சோறு பரிமாறும்போது தமிழுக்கு வந்துவிடுவார். எந்தப் பாஷையிலும் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

மீன் தொட்டி செய்யும் வேலை காஜா மொய்தீனிடம் வந்தது. அவர் அதற்கு முன் தொட்டி செய்ததில்லை. ஆனாலும் கண்ணாடிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடிகளை அளந்து வெட்டி, சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் பிசைந்த மக்கு வைத்து இடுக்குகளை அடைத்தார். முன்பக்கமும் இரண்டு ஓரங்களும் முடிந்தன. பின்பக்கத்துக்குக் கண்ணாடி எடுக்கும்போதுதான் அவர் மகள் வஜிஹா குறுக்கே வந்தாள்.

வஜிஹாவுக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் முப்பது வயது என்று அவள் அம்மா ஃபகருன்னிசா சொல்வாள்.

“அத்தா, பின்னாடி முகம் பாக்கற கண்ணாடிய வெச்சிடலாமே? ஒரு மீன் விட்டா ரெண்டு மீனாத் தெரியும்” என்றாள் வஜிஹா.

காஜா மொய்தீன் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடையின் மூலையில் பழைய பீரோக் கதவுக் கண்ணாடி ஒன்று கிடந்தது. அதை வெட்டிப் பின்சுவராக வைத்துவிட்டார். கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ரசம் போயிருந்தது. அங்கே முகம் தெரியாது. அதனால் என்ன, மணலைச் சற்று மேடாகக் குவித்துவிட்டால் போயிற்று.

மக்கு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பினார்கள். சொட்டுக்கூட ஒழுகவில்லை. வெங்கடப்பன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பித்தளைத் தூக்கிலிருந்து மீனை உள்ளே விட்டார். அது ஒரு சண்டை மீன். இன்னொரு மீனோடு சேர்த்து வைக்கக் கூடாது, தனியாகத்தான் வளர்க்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். விரல் நீளம்தான் இருந்தது. ஆனால் அதன் நீல வாலும் சிவப்புத் துடுப்புகளும் பட்டு அங்கி போட்டதுபோல் தொங்கின. வஜிஹா பார்த்த மாத்திரத்தில் அதற்கு நவாப் என்று பெயர் வைத்துவிட்டாள்.

நவாப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தது. அவ்வளவுதான். செவுளை விரித்து, வாலை விசிறி, துடுப்பையெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டு கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தது. கண்ணாடிக்குள் இருந்த நவாபும் அதே மாதிரி பாய்ந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“பாத்தீங்களா காஜா பாய், என்னா ஆட்டம் ஆடுது” என்று வெங்கடப்பன் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “ஒத்த மீன் வாங்கியாந்தேன், ரெண்டா நிக்குது. உங்க பொண்ணுக்கு மூளன்னா மூளதான்.”

வெள்ளிக்கிழமை காலையில் ஹால் திறப்பு. அதுவரை தொட்டி கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் மீன் நடனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போயிருப்பார் போல. மறுநாள் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வளையல் கடை நாராயணம்மாவின் மகள் முனிலட்சுமி கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், கண்ணாடியைத் தொடுகிறவர்கள் வெளியே என்பது அவள் சட்டம். வஜிஹா தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வைக்கச் சொன்னது யார் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவாபுக்குச் சாப்பாடு கொசுப் புழு. ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியில் அது வேண்டிய மட்டும் கிடைக்கும். வஜிஹா ஒரு கிண்ணத்தில் பிடித்து வந்து தொட்டியில் விட்டாள். புழுக்கள் நெளிந்துகொண்டு கீழே இறங்கின. நவாப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது கண்ணாடியை முட்டுவதிலேயே மும்முரமாக இருந்தது.

சாயங்காலமும் விட்டாள். சாயங்காலமும் அது சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தபோது, முந்தின நாள் விட்ட புழுக்கள் அப்படியே தொட்டியில் நெளிந்துகொண்டிருந்தன. நவாபின் வால் நுனி கிழிந்திருந்தது. வாயோரம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. அப்படியும் கூட்டம் வந்ததும் வராததுமாக ஆட்டம் தொடங்கிவிட்டது.

 அன்று வஜிஹா யாரிடமும் பெருமை பேசவில்லை. முக்காலியில் உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் பார்த்த பிறகு ஒன்று தெரிந்தது. நவாப் களைத்துப்போகும்போதெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. ரசம் போன அந்தக் கீழ் மூலைக்கு. அங்கே வந்ததும் செவுள் மூடிக்கொள்ளும், வால் தளர்ந்து தொங்கும். கொஞ்சம் மேலே நீந்தினால் மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் படபடப்பு.

வஜிஹா எழுந்துபோய்க் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தாள். நவாப் மூலையில் சும்மா இருந்தபோது, தொட்டிக்கு வெளியே அதன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். உடனே செவுள் விரிந்தது. கண்ணாடியை எடுத்தாள். செவுள் மூடியது. இன்னொரு தடவை செய்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் முனிலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அது ஆடலடி. சண்ட போடுது.”

“யாரு கூட?”

“கண்ணாடிக்குள்ள இருக்கறது இன்னொரு மீனுன்னு நெனச்சிகினு இருக்கு. அத வெரட்டறதுக்காகச் சாப்புடாமக் கெடக்குது. இப்படியே விட்டா செத்துப்போயிரும்.”

முனிலட்சுமி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் அது ஹோட்டல் மீன், நமக்கு எதற்கு இந்த வம்பு என்றாள். கடைத்தெருவே வஜிஹாவைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது போய்க் கண்ணாடி வைத்தது தப்பு என்று சொன்னால் அதே வாய்கள் என்ன சொல்லும் என்றும் கேட்டாள்.

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. வஜிஹாவுக்குக் கெட்டிக்காரி என்று பேர் வாங்கப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் நவாப் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது. அவள் நேராக அத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

காஜா மொய்தீன் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

“கண்ணாடி வெக்கலாம்னு நீதானம்மா சொன்ன?”

“ஆமா அத்தா. நான்தான் சொன்னேன். இப்ப வேணாம்னும் நான்தான் சொல்றேன்.”

அவர் திட்டவில்லை. எழுந்து வந்து தொட்டி முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மீனைக் கவனித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். பின்சுவரைப் பெயர்த்தால் மற்ற மூன்றும் சேர்ந்து வந்துவிடும். புதுக் கண்ணாடி வைத்தால் மக்கு காய ஒரு வாரம் ஆகும். நாளை மறுநாள் திறப்பு. ஊரெல்லாம் சொல்லி அழைத்திருக்கும் மனிதரிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

வஜிஹா சுவரிலிருந்த கல்யாணக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ரோஜாப்பூ எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியின் முதுகில் பூசிய ரசத்தைப் பூ வடிவத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டுவார்கள். சின்னச் சின்ன இலைகளை அவளே சுரண்டியிருக்கிறாள்.

“பெயர்க்க வேணாம் அத்தா. பின்னாலிருந்து ரசத்த மட்டும் சுரண்டிட்டா?”

காஜா மொய்தீன் தாடியைத் தடவுவதை நிறுத்தினார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. சுரண்டிவிட்டால் அது வெறும் கண்ணாடி. ஹோட்டலில் தொட்டி வைக்கப்போகும் இடத்துக்குப் பின்னால் சமையலறை வழி. கரண்டியும் தட்டுமாக ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மீனுக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்து சேரும்.

“பின்னாடி ஒட்டறதுக்கு நான் ஒரு படம் பண்றேன்” என்றாள் வஜிஹா.

நவாபைக் கிண்ணத்தில் மொண்டு ஓர் அகலமான மண்பானைக்கு மாற்றினார்கள். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பானையில் விட்ட புழுவையும் அது தொடவில்லை. அதற்குள் உடம்பு அவ்வளவு கெட்டுவிட்டதா என்று வஜிஹாவுக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டு உட்கார நேரமில்லை. அப்பாவும் மகளும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தொட்டியின் வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, பின்பக்கத்தின் சிவப்புப் பூச்சையும் அதன் அடியிலிருந்த ரசத்தையும் சுரண்டினார்கள். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குள் கண்ணாடி வெறும் கண்ணாடி ஆகிவிட்டது. காஜா மொய்தீன் தொட்டிக்கு மேசை செய்யும் தச்சரைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

என்ன படம் வரைவது என்பதில் சண்டை வந்தது. முனிலட்சுமி கடல் என்றாள், கப்பலோடு. இரண்டு பேரும் கடலைப் பார்த்ததில்லை. கடைசியில் பார்த்த ஏரியையே வரைவது என்று முடிவாயிற்று. பெரிய காகிதம் ஒன்றில் ராமநாயக்கன் ஏரியை வரைந்தார்கள். கரை வந்தது, தாமரை வந்தது, தூரத்தில் குன்றும் அதன் மேல் கோயிலும் வந்தன. தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்றை முனிலட்சுமி வரைந்தாள். கொக்குதான் படத்திலேயே அழகாக அமைந்தது.

அடுத்தது பசை. கடைப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். ஒரு சொட்டு தண்ணீருக்குள் போனாலும் நவாபின் கதை முடிந்துவிடும். வஜிஹா வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கெட்டியான சோற்றுக் கஞ்சி கேட்டாள். கடைப் பசை இருக்கும்போது கஞ்சி எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஃபகருன்னிசா ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

படத்துக்குக் கஞ்சி தடவினார்கள். கஞ்சி கொஞ்சம் இறுகட்டும் என்று வாசல் நிழலில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க உள்ளே போனார்கள். துடைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து குன்றும் கோயிலும் தொங்கின. துத்தம் கலந்த பசையைக் கடைத்தெரு ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சோற்றுக் கஞ்சியை எந்த ஆடு விடும்?

முனிலட்சுமி துரத்திக்கொண்டு ஓடினாள். ஆடு ஓடிக்கொண்டே மென்றது. திரும்பி வந்தபோது அவள் கையில் கொக்கு மட்டும் இருந்தது.

வஜிஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய காகிதம் கடையில் வேறு இல்லை. பானையில் நவாப் அசையாமல் கிடந்தது. முனிலட்சுமி கொக்கை அவளிடம் நீட்டி, இதையாவது ஒட்டலாம் என்றாள். வஜிஹா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏண்டி, கொக்கு என்னா திங்கும்?”

முனிலட்சுமி யோசித்தாள். யோசித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடு நல்ல காரியம் செய்தது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

சிரித்து முடித்ததும் வஜிஹாவுக்குப் புத்தி வேலை செய்தது. அவர்கள் வரைந்தது கரையில் நிற்கிற மனுஷர்கள் பார்க்கிற ஏரி. மீனுக்குக் குன்று தெரியுமா, கோயில் தெரியுமா? மீன் பார்க்கிற ஏரி வேறு. அது எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்பது? கேட்கவே வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கோடையில் ஏரித் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றிக் கிடந்தது. மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்ததெல்லாம் இப்போது வெளியே கிடக்கும்.

இரண்டு பேரும் ஏரிக்கு ஓடினார்கள். கருத்த சேறு, அதில் சாய்ந்தும் நிமிர்ந்தும் நின்ற தாமரைத் தண்டுகள், பச்சைப் பாசி படிந்த கல், முடிச்சு முடிச்சாக வேர். பளிச்சென்று ஒன்றும் இல்லை. எல்லாம் மங்கலான பச்சையும் பழுப்பும் சாம்பலுமாக இருந்தன. வஜிஹா கரையிலேயே குனிந்து உட்கார்ந்து, தலையைத் தரையோடு தாழ்த்தித் தண்டுகளை அண்ணாந்து பார்த்தாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்.

கடையில் பெரிய காகிதம்தான் இல்லை, துண்டுகள் கூடை கூடையாக இருந்தன. படங்களைச் சுற்றி வைக்கும் வண்ண அட்டைகளை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் அவை. வஜிஹா கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஓரம் பிசிறாக இருந்தால்தான் பாசி மாதிரி இருக்கும் என்று கையாலேயே கிழித்தாள். பச்சையில் தண்டுகள், பழுப்பில் வேர்கள், சாம்பலில் கற்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடியின் முதுகில் கஞ்சி தடவி ஒட்டினார்கள். ஒட்டி முடித்து, எல்லாவற்றுக்கும் மேல் கரும்பச்சைத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பரப்பினார்கள். வளையல் கடையிலிருந்து முனிலட்சுமி ஒரு ஜிகினாத் தாள் கொண்டுவந்தாள். ஓர் ஓரத்திலாவது நட்சத்திரம் ஒன்று வைக்கலாம் என்று கெஞ்சினாள். பளபளப்பாக எதுவும் வேண்டாம் என்று வஜிஹா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பிறகு முன்பக்கம் வந்து பார்த்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. தண்டுகளுக்குப் பின்னால் தண்டுகள், அவற்றுக்குப் பின்னால் இருட்டான பச்சை. தொட்டி இன்னும் ஒரு முழம் உள்ளே போவது போலத் தெரிந்தது. முனிலட்சுமி ஜிகினாத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

காஜா மொய்தீன் திரும்பி வந்து நவாபைத் தொட்டியில் விட்டார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நவாப் மெல்ல ஒரு சுற்று வந்தது. பின்சுவர் பக்கம் போனது. போய் நின்றது. செவுள் விரியவில்லை. காகிதத் தண்டுகளின் பக்கமாக ஒதுங்கி, துடுப்பைத் தளரவிட்டு அப்படியே நின்றது. புழுவை மட்டும் இன்னும் தொடவில்லை. களைப்பு தீரட்டும் என்றார் காஜா மொய்தீன். அவர் குரலிலும் கவலை இருந்தது.

மறுநாள் முழுக்க நவாப் அந்தத் தண்டுகளை விட்டு நகரவில்லை. ஆட்டம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டமும் குறைந்துவிட்டது. கெட்டிக்காரி என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றி நினைக்க வஜிஹாவுக்கு நேரமும் இல்லை. கிண்ணமும் கையுமாகக் கல்தொட்டிக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெங்கடப்பன் மாட்டு வண்டியோடு வந்து சேர்ந்தார். மல் ஜிப்பா, சந்தனப் பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு. தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“இன்னொரு மீன் எங்க?”

காஜா மொய்தீன் விளக்கம் சொல்லத் தொடங்கினார். வெங்கடப்பனுக்கு அது காதில் ஏறவில்லை. ஆட்டம் எங்கே என்று கேட்டார். ஆட்டத்தைப் பார்க்க ஜூஜுவாடியிலிருந்துகூட ஆட்களை வரச் சொல்லியிருக்கிறேனே என்றார். அதற்கு மேல் தெலுங்குக்குப் போய்விட்டார். அத்தா தலை குனிந்து நிற்பதை வஜிஹாவால் பார்க்க முடியவில்லை. அவள் முன்னால் வந்தாள்.

“மாமா, அத்தா மேல கோவிச்சிக்காதீங்க. கண்ணாடி வெக்கச் சொன்னதும் நான்தான், எடுக்கச் சொன்னதும் நான்தான். அது ஆடல மாமா. தன் வீட்டுக்குள்ள வேற ஒருத்தன் பூந்துட்டான்னு நெனச்சி அவன வெரட்டிகினு இருந்துச்சு. அவன் போவவே இல்ல. எந்நேரமும் எதுக்கால வந்து மொறச்சிகினே நின்னா, யாருக்குத்தான் சோறு எறங்கும்?”

  வெங்கடப்பன் தொட்டிக்கு முன் குனிந்து நவாபின் கிழிந்த வாலைப் பார்த்தார். அவர் மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“எங்கடைக்கு எதுத்தாப்புல அந்த இன்னொரு ஓட்டலத் தொறந்தாங்களே, அப்ப எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. கல்லாவுல ஒக்காந்தா கண்ணு அங்கதான் போவும். யாரு நொழையறாங்க, யாரு வராங்கன்னு அதையே பாத்துகினு கெடப்பேன். எலையில போட்ட சோறு அப்படியே காஞ்சிபோவும்.”

“அப்பறம் என்னா பண்ணீங்க மாமா?”

“என்னா பண்றது? கல்லாவத் தூக்கி அந்தப் பக்கம் பாக்காத மாதிரி திருப்பிப் போட்டேன். அதுக்கப்பறந்தான் சோறு எறங்குச்சு.”

சொல்லிவிட்டு அவர் தொட்டியின் பின்பக்கம் போய், ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளைப் பார்த்தார். முன்பக்கம் வந்து ஏரியைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, தொட்டியைப் பூ மாதிரித் தூக்கி வைக்கச் சொன்னார். தண்ணீரைப் பாதிக்கு இறைத்துவிட்டு, வைக்கோல் பரப்பி, நான்கு பேர் சேர்ந்து தொட்டியை ஏற்றினார்கள். வழியெல்லாம் வஜிஹாவும் முனிலட்சுமியும் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புது ஹாலில் ஜனம் நெருக்கியடித்தது. பந்திக்கு இலை போட்டாயிற்று. சமையலறையிலிருந்து ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தொட்டிக்குப் பின்னால் யார் போனாலும் நவாபுக்குத் தெரியவில்லை. அது தன் தண்டுகளின் அருகே நின்றது. மீன் நடனம் எப்போது என்று யாரோ கேட்டார்கள். வஜிஹா கிண்ணத்திலிருந்த புழுக்களைத் தண்ணீரில் விட்டாள். 

ஒரு புழு நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. நவாப் அதைப் பார்த்தது. திரும்பியது. தண்டுகளை விட்டு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. ஹாலில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். நவாப் நின்றது.

வெங்கடப்பன் இரண்டு கைகளையும் தூக்கினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“யாரும் சத்தம் போடாதீங்க” என்று அவர் கிசுகிசுத்தார். “அது சாப்புடப் போவுது.”

ஹால் அடங்கியது. நவாப் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, புழுவை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டது. பிறகு இன்னொன்று. பிறகு தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்தி ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தின்றது. பட்டு அங்கி பின்னால் சாவகாசமாக அலைந்தது. வஜிஹாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். காஜா மொய்தீன் அவள் தலையில் கையை வைத்தார். முனிலட்சுமி தனக்கு முன்னால் நின்ற உயரமான ஒருவரை ஓசைப்படாமல் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இலை முன் உட்கார்ந்திருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாளியைத் தூக்கிய ஆள் வாளியோடு நின்றான். நவாப் கடைசிப் புழுவையும் முடித்துவிட்டுத் தன் ஏரிப் பக்கம் திரும்பிப் போன பிறகுதான், வெங்கடப்பன் சாம்பாரைப் பரிமாறச் சொன்னார்.